ஒரே ஓர் ஆள் ஏறும் கார்

ஒன்பது வயதில் என்னை நான் பெரிய அறிவாளி என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஓர் எந்திரத்தின் மதிப்பு அது சுமக்கும் பாரம்தான் என்பது என் கண்டுபிடிப்பு. அந்தக் கணக்கில் உலகத்திலேயே உயர்ந்தது சேவூர் போகும் பஸ். எங்கள் தெருவே உள்ளே ஏறினாலும், மேலே பருத்தி மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் இடம் இருக்கும். படுமட்டமானது, என் தாய்மாமன் செய்த கார்.

மாமா பனியன் கம்பெனியில் பின்னல் மிசின்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் வீட்டிலேயே இருந்தார். சொந்தமாக ஒரு மிசின் வாங்கச் சேர்த்த பணத்தையெல்லாம் கொட்டி, பின்பக்கக் கொட்டகையில் ஒரு பந்தயக் காரைச் செய்து முடித்திருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின். உடம்பு முழுக்க அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர் ஒருவர் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துக் கொடுத்தது. அண்டாவும் குடமும் செய்தே பழகிய அவர், "இதுல தண்ணி எங்கீங்க ஊத்தறது?" என்று கேட்டாராம். கதவில்லை, கூரையில்லை, வயிறு தரையை உரசும். ஒரே ஓர் ஆள் காலை நீட்டிப் பாதி படுத்தபடி போகலாம்.

அந்தக் காரைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் இரண்டு தடவை எழுந்து போயிருந்தார்கள். அதனால் சேவூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, அம்மா அதன் மேல் கம்பெனிக் கழிவுத் துணியை மலைபோல் குவித்து மூடிவிட்டாள். பெண்ணின் அப்பா காடு தோட்டத்தில் பாடுபடும் வசதியான சம்சாரி. தண்ணீர் மட்டும் குடித்தார். சம்பந்தம் முடிவாகாமல் அவர் ஆட்கள் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார்களாம்.

"மாப்பிள்ளை சொந்தமா மிசின் ஏதும் வெச்சிருக்கறாருங்களா?" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா விசிறியை வேகப்படுத்தினார். உண்மையைச் சொல்ல ஆள் இல்லாமல் சபை தவிப்பதாக எனக்குத் தோன்றியது.

"ஒண்ணு இருக்குதுங்க. ஆனா உதவாதுங்க" என்று சொல்லி, அவரைக் கையோடு கொட்டகைக்கு இழுத்துப் போய்த் துணியை உருவினேன். பின்னாலேயே மாமாவோடு ஓடிவந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பனியனே பொசுங்கியிருக்கும்.

அவர் காரைச் சுற்றி வந்தார்.

"எத்தனை பேரு போலாமுங்க?"

"ஒருத்தருங்க" என்றார் மாமா, தலை குனிந்து.

"மூட்டை?"

"வெக்க முடியாதுங்க."

"எங்கூர்த் தடத்துல வருமுங்களா?"

"வராதுங்க. அடி தட்டுமுங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் நான் வெற்றியோடு தலையாட்டினேன். அவரோ குனிந்து தகட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். "எங்கயும் ஒட்டே தெரியலீங்களே," என்றார். "வேகத்துல திருப்புனா கவுந்துறாதுங்களா?"

மாமா நிமிர்ந்தார். கரித்துண்டை எடுத்து, மண்டியிட்டுத் தரையில் சக்கரமும் அச்சும் வரைந்து விளக்க ஆரம்பித்தார். பேச்சின் வேகத்தில் அவருடைய 'ங்க'வெல்லாம் வழியில் உதிர்ந்துபோயின. சம்சாரியும் வேட்டியை மடித்துக்கொண்டு எதிரில் குந்திவிட்டார். பேச்சு முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊட்லயும் ஒரு ரேக்ளாப் பந்தயக் காளை நிக்குதுங்க," என்றார் மெதுவாக. "ஏருல பூட்டுனதில்லீங்க. மூட்டை இழுத்ததில்லீங்க. ஓடறப்பப் பாக்கோணும்." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "ஏனுங்க, சோறு ஆக்கியாச்சுங்களா?"

சோறு கேட்டதற்குப் போய் அம்மா ஏன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள் என்பதும், மாமா ஏன் கரித்துண்டைப் பிடித்தபடி அப்படியே மண்டியிட்டிருந்தார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. மனிதருக்குப் பசி என்றுதான் நினைத்தேன்.

பந்தியில் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்தேன். மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்ட தெம்பில், விட்ட வாதத்தைத் தொடர்ந்தேன். "ஏனுங்க, ஒரு வேலையும் செய்யாத காளைக்கு எதுக்குங்க தீனி போடறீங்க?"

அவர் என் இலையைப் பார்த்தார்.

"உனக்குப் போடறாங்கல்ல, கண்ணு."