கொமரலிங்கத்துத் தண்ணீர்

அப்பா குடலில் புற்றுநோய் வந்து இறந்தபோது, ராயபுரத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: சாயத்தண்ணீர். சாயப்பட்டறைக் கழிவு கலந்து நொய்யல் ஆறு ஓடுகிற நிறத்தைப் பார்த்தே யாருக்கு என்ன ஆர்டர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று ஊரில் கேலி பேசிய காலம் அது. பனியன் கம்பெனி வைத்துப் பிழைக்கும் எங்களுக்கு அந்தப் பேச்சு உறைத்தது. அதையே நாங்களும் நம்பினோம்.

அதற்குப் பிறகு அண்ணன் உள்ளூர்த் தண்ணீரைத் தொடவே இல்லை. கொமரலிங்கத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கச்சி, தேங்காய் ஏற்றி வரும் வண்டியில் அமராவதி ஆற்றுத் தண்ணீரைக் கேன் கேனாக அனுப்பினாள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அண்ணன் தன் பாட்டிலைத்தான் திறப்பான். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தாகம் எடுத்த இடத்தில் கிடைத்ததைக் குடித்தேன். உனக்கு உசுரு மேல் ஆசையே இல்லையா என்று திட்டுவான்.

அப்பாவுக்கு வந்தது, அவரைவிட இள வயதில் அண்ணனுக்கும் வந்தது. கோயம்புத்தூர் டாக்டர் எங்கள் குடும்பக் கதையைத் துருவித் துருவிக் கேட்டார். அண்ணனின் ரத்தத்தை மும்பைக்கு அனுப்பினார். பரம்பரையாக இறங்கும் மரபணுக் கோளாறு என்று முடிவு வந்தது. அதைத் தெரிந்துகொண்டு அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, நோய் முற்றியிருந்தது. அவன் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எனக்கும் தங்கச்சிக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார். இருந்தால், அடிக்கடி குடலைக் குழாய் விட்டுப் பார்த்து ஆரம்பத்திலேயே எடுத்துவிடலாமாம்.

ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் வயிறு லேசாகப் பொருமினாலும் கை தானாக அங்கே போகும். கடைசியில் எனக்கு இல்லை என்று வந்தது. சந்தோஷப்படக்கூட முடியவில்லை, ஏனென்றால் தங்கச்சி பரிசோதனைக்கே வரமாட்டேன் என்றுவிட்டாள். நேரில் போய்க் கூப்பிட்டேன். எனக்குக் கொடுக்கச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தண்ணி குடிக்கிற எனக்கு எப்படீங்ணா வரும்? சாயத்தண்ணி குடிச்ச உங்களுக்கே ஒண்ணுமில்லைனு வந்துருச்சுங்களே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணன் எந்தத் தண்ணியக் குடிச்சான், அம்மிணி?"

நீட்டிய சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்ப, நான் அனுப்புன தண்ணீங்களா?"

அவள் அப்படி எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். தண்ணீரில் ஒன்றுமில்லை, எந்தத் தண்ணீரிலும் இல்லை, அப்பாவிடமிருந்து வந்த ரத்தத்தில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. கையிலிருந்த சொம்பை வாங்கி முழுவதையும் அவள் எதிரிலேயே குடித்தேன். மறுநாள் என்னோடு காரில் ஏறினாள்.

அவளுக்கு இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தபோது குடலில் சின்னதாக இரண்டு சதைக்கட்டிகள் தென்பட்டன. எடுத்துச் சோதித்ததில் அவை இன்னும் புற்றாக மாறியிருக்கவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கச்சி அழவில்லை.

"எம் பொண்ணுக்கு எப்பங்க பார்க்கோணும்?" என்று கேட்டாள்.

அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அமராவதித் தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடித்ததில்லை.