சீதேவிப்பிள்ளை அக்கா அழுத காட்சி

கதிரவெளியில் ஒரு செத்த வீடு என்றால் பறைமேளத்துக்கு முன்னால் சீதேவிப்பிள்ளை அக்காவுக்குத்தான் ஆள் போகும். அவர் ஒப்பாரி சொன்னால் கல்லும் கரையும். எல்லை வேலிக்காகப் பத்து வருடம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி, அக்காவின் குரலைக் கேட்டுக் கட்டிப்பிடித்து அழுததை நான் கண்ணால் கண்டவன். நான் ஓட்டமாவடி நிஸ்தார். வான் ஓட்டுகிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று என் மனைவி சொல்லுவாள். அது உண்மை.

செத்த வீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டி அழும்போது தங்கள் வீட்டில் செத்துப்போனவர்களையும் சேர்த்து ஒப்பாரியில் இழுத்து அழுவது வழக்கம். அக்கா மட்டும் இழுக்கமாட்டார். காரணம் அவருடைய புருஷன் யோகராசா. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது, கட்டிக் கிடக்கிற மாடுகளை அவிழ்த்துவிட்டு வாறேன் என்று பாதி வழியில் திரும்பிப் போனவர். நாலு நாளில் மாடுகள் வந்தன. அவர் வரவில்லை. ஒப்பாரியில் ஒருதரம் ஏறிவிட்டால் ஆள் செத்தவர்தான் என்பது அக்காவின் நம்பிக்கை. அதனால் பதினெட்டு வருடமாகப் பொட்டும் தாலியுமாக இருந்தார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

இந்த அக்காவைத்தான் சினிமாப் படம் பிடிக்கிற இடத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

டைரக்டர் றிஸ்லான் ஏறாவூர்ப் பிள்ளை, வெளிநாட்டில் படித்தவர். எழுபது வருடத்துக்கு முந்திய காலத்துச் சிரிப்புப் படம் எடுக்க வந்திருந்தார். பனிச்சங்கேணி ஆற்றோரம் ஒரு வீட்டுக்கு ரோசா நிறம் பூசியிருந்தார்கள். தோணிகளெல்லாம் வாழைக்குருத்துப் பச்சை. அழுகிற பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் சேலை, ஒரே மஞ்சள் குடை. பன்னிரண்டு பேரும் ஒன்றாய்க் கிறுகித் திரும்பி, ஒன்றாய் மூக்குச் சிந்தவேண்டும். சவப்பெட்டி சரி நடுவில் இருக்கிறதா என்று டைரக்டர் நாடா பிடித்து அளந்தார். கதை இதுதான்: ஏராளம் வயல் வைத்திருக்கிற கஞ்சப் போடியார் ஒருவர், தனக்காக யார் அழுவார் என்று பார்க்கச் செத்தவர்போல் படுத்துக் கிடப்பார். நல்ல ஒப்பாரி ஒன்று கேட்டதும் சந்தோசத்தில் துள்ளி எழும்புவார்.

"பொய்ச்சாவுதானே தம்பி, அழுதிட்டு வாறன்" என்று அக்கா சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

வந்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கொழும்பிலிருந்து வந்த நடிகர் கண்ணை மூடிக் கிடந்தார்.

"இதென்ன கூத்து? கால் பெருவிரல் கட்டாம ஒரு பிரேதம் கிடக்குமா? போடியார் வீட்டில இப்பிடி விடுவாங்களா?"

"நீங்களே கட்டிவிடுங்க அக்கா" என்றார் டைரக்டர்.

அக்கா வெள்ளைத் துணி கிழித்து வாங்கி, இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் அந்தக் கால்களை விடவில்லை. எத்தனையோ பேருக்குக் கட்டிய கை. தன் புருஷனுக்குக் கட்டக் கொடுத்துவைக்கவில்லை. அது அந்த நேரத்தில் அவருக்குத் தட்டியிருக்கவேண்டும்.

கமரா ஓடியது. அக்கா தொடங்கினார்.

"மாடவிழ்த்துப் போட்டு வாறன் எண்டீங்க
மாடெல்லாம் வந்திட்டுதே
மகராசா நீங்க வரல்லியே
ஒரு வாய்ச் சோறும் நான் தரல்லியே…"

மற்றப் பெண்கள் மூக்குச் சிந்த மறந்து நின்றார்கள். அப்போது நடிகர் துள்ளி எழும்பினார். விரல் கட்டிய காலோடு எழும்பினால் என்ன நடக்கும்? மனிதர் குப்புற அக்காவின் மடியில் விழுந்தார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அல்லாஹ் மன்னிக்கட்டும், நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. மடியில் கிடந்தவரின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது வானில் கேட்டார்.

"தம்பி, நான் ஆர நினைச்சு அழுதன்? எனக்கு ஒண்டும் நினைவில்ல."

"போடியாரத்தான் அக்கா."

"என்ட மனிசன இழுக்கல்லியே? உண்மையச் சொல்லு மனே."

"இல்ல அக்கா. சத்தியமா இல்ல."

அவர் நெஞ்சைப் பிடித்துப் பெருமூச்சு விட்டார். வீட்டுக்குப் போய் வழக்கம்போல் ஒரு பிடி அரிசி கூடவே போட்டு ஆக்கினார். புருஷன் வந்தால் சாப்பிட வேண்டாமா?

ஒன்பது மாதம் கழித்துப் படம் மட்டக்களப்பு டவுனுக்கு வந்தது. அழுத பெண்களையெல்லாம் பகல் காட்சிக்கு நானே ஏற்றிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் பாட்டு ஏதும் போட்டு மறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. அக்காவின் குரல் முழுசாக வந்தது. மாடு வந்தது, மகராசன் வராதது, எல்லாம் வந்தது. போடியார் விழுந்தார். சனம் கதிரையில் அடித்து அடித்துச் சிரித்தது.

நான் பக்கத்தில் இருந்தேன். அக்காவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர்தான் என் கையைத் தொட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்டைக்கு அழுது எத்தின நாளாகுது தம்பி?"

"ஒம்பது மாசம் அக்கா."

அக்கா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"அப்ப எட்டாம் நாளும் போயிட்டு, முப்பத்தோராம் நாளும் போயிட்டு. ஒரு படையலும் வைக்கல்ல. நீ அண்டைக்கே சொல்லியிருந்தா ஆக்கி வைச்சிருப்பனே. இவ்வளவு நாளும் அந்த மனிசன் பசியோட நிண்டிருக்குமே, மனே."