கிணறு என்று எழுதியிருக்கும் வரி

வெளியூர் ஆட்கள் தங்க வருகிற நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. களத்தில் காயும் மஞ்சளைக் கிளறப் போவேன், பாதியில் விட்டுவிட்டு கேட்டுக்கு நடப்பேன், அங்கிருந்து கிணற்று மேட்டுக்கு. ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். மறுநாள் அவர்கள் கார் ஏறித் தார் ரோட்டுக்குப் போன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

எங்கள் தோட்டம் நாமகிரிப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஓட்டு வீட்டில் நான் இருக்கிறேன். பக்கத்திலேயே என் மகன் டைல்ஸ் போட்டு, ஏசி வைத்து ஒரு வீடு கட்டினான். அவனுக்கு பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு வந்து தங்குவான், மீதி வருசம் பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டில் கரையான்தான் குடித்தனம் பண்ணும் என்று சொல்லி, போனில் போட்டு நாள் வாடகைக்கு விட்டுவிட்டான். கொல்லிமலைக்குப் போகிறவர்கள் வந்து தங்கிப் போவார்கள். சாவி கொடுப்பதும் வாங்குவதும் என் பாடு.

அந்த வீட்டுக்குப் பின்னால், பாக்கு மரங்களைத் தாண்டினால் கிணறு. பாறையை வெட்டி இறக்கியது. மூன்று பக்கம் இடுப்பளவு சுவர் உண்டு. படி இறங்குகிற பக்கம் திறந்தே கிடக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில்தான் நீச்சல் பழகினார்கள். நாலாவது மாடியில் வளர்கிற குழந்தைக்குக் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்?

கம்பி வேலி போடலாம் என்றால் அது பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி என் கொழுந்தனார் வீட்டுக்கு. இரண்டு பேரும் ஒப்பாமல் அங்கே ஒரு கல்லைக்கூட நட முடியாது. பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தேன். இன்றைக்குக் கம்பி போடுவார்கள், நாளைக்குக் கிணறே எங்களது என்பார்கள் என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமும் இல்லை.

ஆக, அந்தத் தண்ணீருக்கும் வருகிற குழந்தைகளுக்கும் நடுவில் இருந்தது ஓர் அட்டைதான். மருமகள் கம்ப்யூட்டரில் அடித்து, பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டிக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது எனக்குப் படித்தும் காட்டினாள். செருப்போடு உள்ளே வராதீர்கள், இளநீர் பறிக்காதீர்கள், களத்தில் காரை ஏற்றாதீர்கள் என்று போய், கிணறு கடைசி வரியில் இருந்தது.

ஒருத்தரும் படிக்கவில்லை. அந்த ஆணியில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். கரண்ட் போன மத்தியானம் ஒருத்தர் அட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கூட்டம் அதன் மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்து ஓரத்தை உருக்கிவிட்டது. வாயால் சொல்லாமலும் இல்லை. சாவி கொடுக்கும்போதே சொல்லுவேன். சரிங்க சரிங்க என்று தலையாட்டிக்கொண்டே வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். சொன்னதையே இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டு அடுத்தவர் பின்னால் ஓட எனக்கு வராது.

மகனிடம் சொன்னேன். அதையெல்லாம் போனிலேயே எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்றான்.

"படிச்சாச்சுன்னு போன்ல அமுக்குனாத்தாம்மா புக்கிங்கே ஆவும்."

"அமுக்கறதும் படிக்கறதும் ஒண்ணாடா?"



மாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு புருசன் பெண்சாதியும் அவர்கள் பெண் குழந்தையும் வந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத வயசுக் குழந்தை. மறுநாள் காலையில் நான் களத்தில் குனிந்து மஞ்சளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். 'களுக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தேங்காய் விழுகிற சத்தம் இல்லை, தவளை குதிக்கிற சத்தமும் இல்லை. நிமிர்ந்தேன். களத்து ஓரத்தில் மஞ்சளை யாரோ சின்னக் கையால் அள்ளிய தடம் இருந்தது.

ஓடவில்லை. ஓடினால் சத்தத்துக்குக் குழந்தை திரும்பும், திரும்பினால் வழுக்கும். நடந்தே போனேன். குழந்தை கிணற்றின் முதல் படியில் உட்கார்ந்திருந்தது. மடி நிறையக் குண்டு மஞ்சள். ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சாமி பண்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மீனுக்கு சாப்பாடு."

"மீனுக்கு வயிறு ரொம்பிப் போச்சு சாமி. மிச்சத்தை எனக்குக் குடுங்க."

அது யோசித்து, கையை நீட்டியது. கவுனின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தகப்பன் போனும் கையுமாக வந்தான். குழந்தையை வாங்கினவன் என்னைப் பார்த்து, "கிணறு இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே ஆன்ட்டி" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "போட்டிருக்குதுங்க. வாங்க காட்டறேன்" என்று முன்னால் நடந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எழுத்தே தெரியாது என்று இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிடுவேன். பேங்கில் கையெழுத்துத்தான், ரேகை வைத்ததில்லை. தினமும் பேப்பர் போடச் சொல்லி, மடியில் விரித்து வைத்து, கொட்டை எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வாசலில் போகிறவர்கள் நான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பொடி எழுத்து எனக்குப் பிடிபடாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள்.

கதவைத் தள்ளி அட்டையைக் காட்டினேன். கடைசி வரிதான் என்று தெரியும். விரலை அதில் வைத்து, "இதாங்க, பாருங்க" என்றேன்.

அவன் குனிந்து படித்தான். "வாஷ்பேசினில் கோழிக்கறி கழுவக் கூடாது." நிமிர்ந்து, "இதுவா ஆன்ட்டி?" என்றான்.

பொங்கலுக்கு வந்த மருமகள் பழைய அட்டையை மாற்றி, கீழே இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. என் விரல் அட்டையில் அங்கே இங்கே என்று ஓடியது, எந்த வரியிலும் நிற்கவில்லை. அவன் லேசாகச் சிரித்தான். அவன் பெண்சாதி சிரிக்கவில்லை. அட்டையை ஆணியிலிருந்து கழற்றி, மேலே இருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு வரியில் குரல் நின்றது. பின்புறம் தடுப்பு இல்லாத கிணறு உள்ளது, குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். குழந்தையை அவன் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குப் படிக்க வராது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

அவர்கள் போன பிறகும் அந்தத் தடவை எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கும் களத்துக்குமாக நடந்தேன். வாடகையே வேண்டாம், நிறுத்து என்று மகனிடம் சொன்னேன். ஏற்கனவே புக் ஆனவர்கள் வந்து போகட்டும் என்றான். அவர்களும் குழந்தைகளோடுதானே வருவார்கள்? கிணற்று மேட்டில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். மஞ்சளை யார் பார்ப்பது? மாடு கன்றை யார் பார்ப்பது? நடக்க நடக்க ஒன்று மட்டும் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது. இத்தனை பேர் வந்து போனதில் அந்த அட்டையை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். எனக்குப் படிக்க வரவில்லை, அதனால் படித்தாள்.

அடுத்து ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பொடிசு இரண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றேன். கண்ணாடியை மறந்துவிட்டேன், இதைக் கொஞ்சம் படியுங்கள் என்று கேட்டேன். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போன்லயே இருக்குதுங்கம்மா, அப்பறமாப் பாத்துக்கறோம்" என்று அந்த மனிதர் பையை இறக்கினார். பொடிசுகள் இரண்டும் அதற்குள் பாக்கு மரத்துப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டன.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன். என் காதுக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. "என்ன எழுதியிருக்குதுன்னு நீங்க படிச்சுச் சொன்னாத்தான் நான் சாவி குடுப்பேன்."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். நின்ற இடத்திலேயே படித்தார். ஒவ்வொரு வரிக்கும் எனக்கு அர்த்தம் வேறு சொன்னார். செருப்பை வெளியே விடோணுமாம், இளநி பறிக்கக் கூடாதாம் என்று. கிணற்று வரி வந்ததும், "பின்னால கெணறு இருக்குதுங்களாமா. தடுப்பு இல்லையாமா. நீங்களும் வயசானவங்க, அந்தப் பக்கம் பாத்துப் போங்க" என்றார். அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் சேந்திய வருசங்களுக்கு அவர் வயசு காணாது. ஆகட்டுங்க என்று தலையாட்டினேன். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஏய், இங்க வாங்க ரெண்டு பேரும்" என்று பாக்கு மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். இருந்த வரைக்கும் பிள்ளைகளின் கையை விடவில்லை.

அதிலிருந்து அப்படியேதான் நடக்கிறது. போன வாரம் மகன் கூப்பிட்டான், குரலே சரியில்லை. வந்து போனவர்கள் வீட்டைப் பற்றி போனில் எழுதுவார்களாம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பாவம், நாங்கள்தான் படித்துக் காட்டினோம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்களாம்.

"ஊரே படிக்குதும்மா. எதுக்கு அப்படிச் சொல்றீங்க? நீங்கதான் பேப்பர் படிப்பீங்களே."

கொழுந்தனார் மருமகள் எந்நேரமும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளும் படித்திருப்பாள்.

"நாளைக்கு வாரவங்ககிட்ட கொழந்தைங்க இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்குது."

"சரி, போனை வை."

மறுநாள் பொழுது சாய்கிற நேரம் கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தது. காரை ஓட்டி வந்து இறங்கின பையனிடம் அட்டையை நீட்டினேன். எது மேல், எது கீழ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தலைகீழாக நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராகத் திருப்பிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தான்.