தொட்டிக்கட்டுக்குள் மேகம்

குன்னூரில் பிறந்து, இருபது வருஷமாகப் பழைய பங்களாக்களின் ஃபயர்ப்ளேஸையும் சிம்னியையும் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் நான். அப்படிப்பட்ட நான்தான் கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில், மேலே மூடாமல் நடுவில் முற்றம் வைத்து ஒரு வீடு கட்டினேன். இதை நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் டீக்கடையில் என் பெயரைச் சொன்னால் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

1. ஆர்டர்

பழனிச்சாமி அண்ணனுக்கு இரண்டு தம்பிகள். தேயிலைத் தோட்டம் பொது. குடித்தனம் மட்டும் மூன்று வாடகை வீட்டில்.

"கோபிப் பக்கம் சொந்தக்காரங்க ஊட்டைப் பாத்துட்டு வந்தமுங்க. நடுவால வாசல், சுத்தியும் ரூமு. அதே மாதிரி தொட்டிக்கட்டு வேணும். கதவைத் தொறந்தா அல்லாரு மூஞ்சியும் தெரியோணும்" என்றார்.

அவர் மனைவி சரோஜாக்கா மட்டும், "குளுருமேங்க தம்பி?" என்றார்.

"குளிருக்குன்னே சிம்னி கட்டறவன்கிட்டக் கேக்கறீங்களேக்கா" என்றேன்.

சித்திரை வெயிலில் மலையிறங்கிக் கோபிக்குப் போய்ப் போனில் படம் எடுத்து வந்தேன். அங்கே முற்றத்துக் காற்று ஏசி மாதிரி வந்தது. அப்படியே காப்பி அடித்தேன். அந்த ஊரில் காற்றை வரவழைக்க முற்றம் வைக்கிறார்கள், நம் ஊரில் காற்றைத் துரத்தத்தான் ஆள் வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

2. ஆடி மாதம்

மழை முடிந்து வேலை தொடங்கி, மறு வருஷம் வைகாசியில் பால் காய்ச்சினார்கள். ஆடியில் போன் வந்தது.

போய்ப் பார்த்தால் மேகம் நேராக முற்றத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. எதிர் ரூம் தெரியவில்லை. மூஞ்சி பார்க்கக் கட்டிய வீட்டில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. சமையலறையிலிருந்து சோற்றுப் பாத்திரம் குடை பிடித்துக்கொண்டு போனது. மூத்த தம்பி குமார் தன் ரூமிலேயே தனியாக ஒரு கேஸ் அடுப்பு வைத்துவிட்டார்.

"இந்த மாசம் பாப்பமுங்க. இல்லீன்னா நாங்க கோத்தகிரில வாடகைக்கே போயிக்கறோம்" என்றார் குமார்.

தம்பிகள் பிரியக்கூடாது என்றுதான் பழனிச்சாமி அண்ணன் இந்த வீட்டையே கட்டினார்.

"மேல கண்ணாடி போட்டா முடிஞ்சுதுங்ணா" என்றேன். போட்டேன். ஈ புகாத அளவுக்கு சீலன்ட் வைத்து அடைத்தேன். மறுநாள் காலை அடுப்பில் இட்லி ஏறியது. ஆவி மேலே போய்க் கண்ணாடியில் முட்டி, சொட்டுச் சொட்டாக எல்லோர் தலையிலும் இறங்கியது. வெளியே வெயில், உள்ளே மழை.

3. வெந்நீர் அடுப்பு

அதைச் சரிசெய்யப் போன அன்று வீட்டுக்குள் யாரையும் காணோம். பின்பக்கம் பேச்சுச் சத்தம். குளிக்கத் தண்ணீர் காய்கிற விறகடுப்பைச் சுற்றி மூன்று குடும்பமும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. கோத்தகிரிக்குப் போகிறேன் என்ற குமாரும்தான். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"வாங்க கான்ட்ராக்டரு. ஊட்டுக்குள்ள நல்ல மழைங்க, குடை கொண்டாந்தீங்களா?" என்றார் குமார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அப்போதுதான் பல்பு எரிந்தது. இந்த மலையில் நெருப்பு எங்கேயோ, ஆட்கள் அங்கே.

கண்ணாடிக் கூரையை ஓர் அடி தூக்கி, ஆவி போகச் சுற்றிலும் சாய்ந்த பட்டைகளாக லூவர் வைத்தேன். முற்றத்து மேற்குச் சுவரில் பங்களா மாதிரியே ஃபயர்ப்ளேஸ் கட்டினேன். சிம்னியில் எனக்குத் தப்பு வராது. முதல் விறகிலேயே புகை நேராக ஏறியது. அந்த வாரமே கதவுகள் திறந்தன. குமாரின் கேஸ் அடுப்பு பொதுச் சமையலறைக்குத் திரும்பியது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த ஊரில் சித்திரையில் சைட் பார்த்து எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆடியில் போய் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். வீட்டுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் பல்லே தந்தியடித்துச் சொல்லும். இப்போது அதேபோல் இன்னும் இரண்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அரவேணு வீட்டில் வேலை முடிந்த சாயங்காலம் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தீங்களாக்கா, மூணு குடும்பத்தையும் சேத்து வெச்சுட்டேன்" என்றேன்.

சரோஜாக்கா டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எங்கீங்க தம்பி சேத்து வெச்சீங்க? உங்களைத் திட்டறதுக்குன்னு நாங்களே ஒண்ணு சேந்தமுங்க."