ஸ்பீக்கர் கூம்பில் ஒரு விரல்

காய்ச்சலில் காது போய் ஏழு மாதம் ஆகியும் ரேடியோக்காரர் கடையை மூடவில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. வருகிறவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். புரியாததை மனைவி சீட்டில் எழுதிக் காட்டுவாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிப் போட்டுப் பழகியவள், எதற்கும் லேசில் வாயைப் பிளக்கமாட்டாள்.

அவளுடைய அண்ணன் ரேடியோக்காரருக்கு வேறு வேலை பார்த்து வைத்திருந்தார். காகித ஆலையில் காவலாளி வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும்.

“காது கேக்காதவரு பாட்டுப் பெட்டி ரிப்பேர் பண்றாருன்னா ஊரே சிரிக்கும்மா. பேசாம ஆலை கேட்டுல உக்காரச் சொல்லு.”

“கேட்டுல ஹாரன் அடிச்சா மட்டும் கேக்குமாக்கும்?” என்று வெடுக்கென்று கேட்டாள். ஆனாலும் அண்ணன் பேச்சில் பாதி நியாயம் இருப்பது அவளுக்குத் தெரியும். கணவரிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள். ரிப்பேருக்கு வந்திருந்த பாட்டு டீச்சரின் ஆம்ப்ளிஃபையர் சரியானால் கடை, இல்லாவிட்டால் ஆலை.

அந்தப் பெட்டியில் பாட்டே போடாவிட்டாலும் ‘உம்’ என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமப்படுத்தி அனுப்புவது கெபாசிட்டரின் வேலை. அது கெட்டால் அந்தக் குலுங்கல் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை, தலை உப்பியிருந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“இரைச்சல் போச்சு. சுத்தமா போச்சு” என்றாள்.

அவர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் மோதிர விரலைப் பட்டும் படாமலும் வைத்தார். “போகல. கொஞ்சம் இருக்கு.”

“காது இருக்கற எனக்கே கேக்கல, உங்களுக்கு மட்டும் கேட்டுதாக்கும்.”

அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். மெல்லியதாக, ஆனால் சந்தேகமில்லாமல், அந்த ‘உம்’ இருந்தது.

ப்ளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை வடியவிட்டு, அவர் போர்டை விளக்கடியில் திருப்பினார். சூடேறும் பாகத்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கெபாசிட்டர் புத்தம் புதிதுபோல் மினுங்கியது. அதைத்தான் தொட்டுக் காட்டினார்.

“இது வீங்கவே இல்லையே” என்றாள், உதடு தெரியும்படி.

“வீங்கினாத்தான் நோயா? நீ பாக்கிற ஆளுங்க எல்லாம் வீங்கிப் போயா கிடக்காங்க? இது சூட்டுல உள்ளேயே காஞ்சு போயிருக்கும்.”

அவள் விரலைப் பிடித்துக் கூம்பில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். எறும்பு ஊர்வதுபோல் நுனியில் ஒரு துடிப்பு. அணைத்தார். புதிய கெபாசிட்டர் ஒன்றை அந்தச் சின்னதின் கால்களோடு கிளிப் போட்டுச் சேர்த்தார். மறுபடி ஸ்விட்சைப் போட்டார். துடிப்பு இல்லை.

எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்து நாடி பார்த்தவள் அவள். அவள் வேலையில் துடிப்பு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குணமாகித் துடிப்பு நின்றதை அன்றைக்குத்தான் கண்டாள். கையை எடுக்க மனம் வரவில்லை. ஈயம் சுட்டுத் தழும்பேறிய அவர் விரல்களை, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எப்பலேருந்து இப்படி?”

“காது போன மறுவாரத்துலேருந்தே. நீ கேக்கவே இல்லையே.”

சின்னதையும் மாற்றி முடித்தார். மாலையில் டீச்சர் வந்தார். பெட்டியைத் தொடும் முன்பே இவள் சொல்லிவிட்டாள்: “டீச்சர், இவருக்குக் காது கேக்காது. விரலை வச்சுத்தான் பாத்தாரு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.”

டீச்சர் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“வாங்கின அன்னிக்குக்கூட இவ்வளவு அமைதியா இருந்ததில்ல” என்றார். பிறகு ரேடியோக்காரர் பக்கம் திரும்பி நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: “எங்க அக்கா வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. கொண்டு வரலாமா?”

“ஸ்பீக்கரோட கொண்டு வாங்க. வெறும் பெட்டி எனக்குக் கேக்காது.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி அதற்குள் உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள்.

“அண்ணே, கேட்டுக்கு வேற ஆளப் பாரு.”