காக்காய் தொடாத சோறு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது நடந்தது. இந்துப்ரியா இன்றும் வில்லாபுரத்தில்தான் இருக்கிறாள். யாராவது எதிரே உட்கார்ந்து சத்தமாக மென்றால், எழுந்து வெளியே போய்விடுவாள்.

தொண்ணூற்றெட்டில் அவள் மதுரைக்கு வெளியே, உலகப் பண்பாடுகளுக்கென்றே நடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இறந்தவர்களுக்கு எந்த நாட்டில் என்ன சோறு படைக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. வெள்ளிக்கிழமை ஆய்வுக்குப் பணம் தரும் வெளிநாட்டுக் குழு, அவள் வைக்கும் கண்காட்சியைப் பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆய்வு தொடரும்.

"மத்த நாட்டுச் சோறெல்லாம் மெழுகு பொம்மை. நம்ம ஊருச் சோறாவது அசலா இருக்கட்டும்மா," என்றார் ஆய்வு வழிகாட்டி ராஜகுரு.

கீழக்குயில்குடியில், பல்கலைக்கழகத்தில் கூட்டிப் பெருக்கும் ஒச்சம்மாளின் தாய்க்குக் கருமாதி. மொட்டை மாடியில் இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சற்று விலகியதும், காக்காய் வாய் வைக்குமுன் இந்துப்ரியா ஒரு பிடி அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கலையாத சோறுதானே நல்ல மாதிரி!

கண்காட்சிக் கூடத்தில் சோற்றைக் கண்ணாடிச் சாடியில் போட்டு, கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி, மூடியை மெழுகால் அடைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் சாடியில் பாதிச் சோறுதான் இருந்தது. மெழுகு உடையவில்லை. வெளியே, மேஜைமேல் ஒரு சின்ன உருண்டை... யாரோ மென்று துப்பிய சோறு. எச்சில் நூல்நூலாக இழுத்தது. கருவாட்டு நாற்றம் அடித்தது.

துணியால் வழித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"பசிச்சா கேன்டீனுக்குப் போக வேண்டியதுதானம்மா?" ராஜகுரு சிரித்தார். "மிச்சத்தையாவது காப்பாத்து. நாளைக்கு வாராங்க."

அவள் சாடியின் எதிரிலேயே காவல் உட்கார்ந்தாள். பசித்தது. சாடியை விட்டுக் கண்ணெடுக்காமல், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையில் ஒரு வாய் போட்டாள்.

மெல்லவே வேண்டியிருக்கவில்லை.

கொழகொழவென்று... சூடாக... வழுக்கி இறங்கியது.

டப்பாவைக் குனிந்து பார்த்தாள்.

அத்தனையும் மென்ற சோறு.

காதருகே... சளக்... சளக்...

யாரும் இல்லை.

ஆய்வாவது, கண்காட்சியாவது! சாடியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கீழக்குயில்குடிக்கு ஓடினாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஒச்சம்மாள் திட்டவில்லை.

"எங்காத்தாவுக்குத் தொண்டையில கட்டி, தாயி. ஆறு மாசமா மென்னு மென்னு துப்புச்சு. ஒரு பருக்கை உள்ள போகல. பசியிலதான் செத்துச்சு." சாடியை வாங்கி ஓரமாக வைத்தாள். "டப்பாச் சோத்த நீ துப்பினியா... முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்க்கா..."

ஒச்சம்மாளின் முகம் மலர்ந்தது. குனிந்து, இந்துப்ரியாவின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இப்பத்தான் எங்காத்தாவுக்கு ஒரு வாய் எறங்கியிருக்கு."