அறுபத்திரண்டு புள்ளிக்குப் போன குன்று

அன்று மாடியில் இருந்தவர்கள்: பாய். சார். என் மச்சினன். நான்.

பாய் தோல் வியாபாரி. நாகல் நகரில் வீடு. ஆடுகிற பொம்மை டாங்கிகளும் மேசையும் அவருடையவை. சார் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக வருவார். மச்சினன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் ஆட்டுச் சந்தைத் தரகன். எட்டாவதோடு நின்றவன். தோல் விஷயமாகப் பாய் வீட்டுக்குப் போனபோது ஒரு நாள் மாடியை எட்டிப் பார்த்தேன். அதிலிருந்து போகிறேன். ஆட மாட்டேன். பார்ப்பேன். டேப் பிடித்து அளந்து சொல்வேன்.

டாங்கி ஒவ்வொன்றும் விரல் நீளம். இப்போது ராணுவங்களில் ஓடுகிற டாங்கிகளின் பொம்மை. விதிப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கில் விலை உண்டு. பெரிய டாங்கி பதினாலு. பழைய டாங்கி எட்டு. ஏவுகணை வைத்த ஜீப்பு நாலு. ஆளுக்கு நூறு புள்ளி. அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நகர்த்துவது டேப் அளவில். சுட்டால் பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும்.

எனக்கு அந்த விலைதான் பிடிபடவில்லை. சந்தையில் ஓர் ஆட்டுக்கு விடியும்போது ஒரு விலை. வெயில் ஏறினால் வேறு விலை. இங்கே பதினாலு என்றால் என்றைக்கும் பதினாலு.

"இதை யாரு பாய் போட்டது?"

"நெறைய ஆட்டம் ஆடிப் பாத்துத்தான் போட்டிருப்பாங்கண்ணே."

"எந்த மேசையில ஆடுனாங்க?"

பாய் சாரைப் பார்த்தார். சார் டீயைக் குடித்தார்.

எங்கள் மேசையின் நடுவில் ஒரு குன்று. பாய் தெர்மாகோலில் செதுக்கியது. எங்கள் ஊர் மலைக்கோட்டை மாதிரியே மொட்டையாக வந்துவிட்டது. சுற்றிலும் சமவெளி, அதன் குறுக்கே குன்றுக்கு ஒரு சாலை. ஓரத்தில் ஒரு தோப்பு, ஒரு வறண்ட குளம். குன்றில் நிற்கிறவன்தான் எப்போதும் ஜெயித்தான். நூறுக்கு நூறு சரி என்றது புத்தகம். அதில் குன்றுக்கு விலை போடவில்லை. வாராவாரம் சண்டை.

நான்தான் சொன்னேன், சந்தையில் செய்கிறபடி செய்து பார்க்கலாம் என்று. குன்று வேண்டுமென்றால் எத்தனை புள்ளியோடு ஆடுவாய் என்று கேட்பது. யார் குறைத்துச் சொல்கிறானோ அவனுக்குக் குன்று. மற்றவன் நூறு புள்ளியோடு ஏறி வரட்டும். வாயால் பேசக்கூடாது. துண்டுக்குள் என் விரலைப் பிடிக்க வேண்டும், முதலில் பத்து, அப்புறம் ஒன்று. நான் அதே அளவை அடுத்தவன் கையில் பிடித்துக் காட்டுவேன். பிடித்த விலையிலிருந்து பின்வாங்கக்கூடாது. தரகன் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது.

அன்றைக்கு ஆட்டம் சும்மா இல்லை. பெங்களூரில் ஒரு போட்டி வந்தது. ஊருக்கு இரண்டு பேர். பாய் ஒருவர். இன்னொருவர் சாரா, மச்சினனா? இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவர் என்று பேச்சு. மச்சினன் பொழுதுக்கும் குனிந்து அடுத்தவன் போனை நோண்டுகிறவன். ஒட்டன்சத்திரம் தாண்டிப் போனதே பழனி வரைக்கும்தான். போயே ஆக வேண்டும் என்றிருந்தான். ஷட்டரில் இரண்டு நாள் விடுமுறை என்று ஒட்டியும் விட்டான்.

"தம்பி, லீவு போர்டு பாத்தேன். தேதியெல்லாம் போட்டாச்சு போல," என்றார் சார்.

"நீங்க ஸ்கூல்ல லீவு சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லல. லெட்டர் எழுதி பையில வச்சிருக்கேன்."

துண்டை விரித்தேன். சார் தொண்ணூறு பிடித்தார். மச்சினன் எண்பத்தைந்து. சார் எண்பது. மச்சினன் எழுபத்தாறு. சார் யோசித்து எழுபது பிடித்தார். மச்சினன் யோசிக்கவே இல்லை. அறுபத்திரண்டு. சார் என் கையை விட்டுவிட்டார்.

துண்டை எடுத்தேன். விலையைச் சொன்னேன்.

"படிஞ்சிருச்சுல்ல மச்சான்?" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏலே, ஆடு வாங்குற மாதிரி அடிச்சுக் கொறச்சிட்டியே. நீ கொறச்சது ஒன் படையைல்ல."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் சந்தைக்கு என்னோடு வந்து பழகியவன். விலை இறங்க இறங்க லாபம் என்றே கை போயிருக்கிறது. என்னைப் பார்த்தான். நான் துண்டை மடித்தேன்.

அறுபத்திரண்டுக்கு ஒரு பெரிய டாங்கி, நாலு பழையது, நாலு ஜீப்பு எடுத்தான். சார் ஆறு பெரியது, இரண்டு பழையது. ஆறு சுற்று. கடைசியில் குன்றைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் யாருக்கு வண்டி அதிகமோ அவருக்கு ஜெயம். சமமானால் குன்றுக்காரனுக்கு.

சார் சாலை வழியே வரிசையாக வந்தார். மச்சினன் ஜீப்பைக் குன்றின் விளிம்புக்கு ஏற்றிச் சுடுவான். சுட்டதும் பின்னால் இறக்கிவிடுவான். சார் திருப்பிச் சுட எதிரில் வண்டி இருக்காது. இப்படி ஒரு பெரிய டாங்கி போனது. பழைய டாங்கிகள் சுட்டு ஒன்றும் ஆகவில்லை. பெரியதை முன்பக்கம் அடித்தால் பகடையில் ஆறு விழ வேண்டும். பக்கவாட்டில் நாலு போதும்.

"அப்ப பக்கவாட்டுக்குப் போ," என்று வாய் வரை வந்தது. தரகன் பேசக்கூடாது.

அவனே போனான். இரண்டு பழையதைக் குன்றிலிருந்து இறக்கித் தோப்புக்குள் விட்டான். அங்கிருந்து பார்த்தால் சாலையில் போகிற டாங்கிகளின் விலா தெரிந்தது. அடுத்தடுத்து இரண்டு பெரியது போனது.

"யப்பா," என்றார் பாய். "ஏலே, எட்டுப் புள்ளி வண்டியா இது?"

நானும் அதைத்தான் நினைத்தேன். குன்றில் நின்றபோது அது எட்டுக்குக்கூடப் போகாது. தோப்பில் பதினாலுக்கு மேல் பெறும். வண்டி அதே வண்டி. நிற்கிற இடத்துக்கு யார் விலை போடுவது?

சார் மிச்சமிருந்த மூன்று பெரியதையும் இடப்பக்கம் குளத்துக்குள் இறக்கினார். கரை மறைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் நிறுத்த மச்சினனிடம் ஒரு ஜீப்புகூட இல்லை. துண்டுக்குள் விட்ட புள்ளியெல்லாம் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

ஐந்தாம் சுற்றில் மூன்றும் கரையேறின. குன்றில் இருந்த பெரியது போனது. ஒரு பழையது, மூன்று ஜீப்பு போயின. மச்சினனின் பகடையில் சாரின் பழையது இரண்டும் போயின. வட்டத்துக்குள் சாரின் மூன்று பெரியதும் ஏறி நின்றன.

மச்சினனுக்கு வட்டத்தில் ஒரு பழையதும் ஒரு ஜீப்பும். தோப்பில் இரண்டு பழையது கீறல் இல்லாமல் நின்றன. ஆறாம் சுற்றில் சுடுவது முடிந்து, கடைசி நகர்வு. ஒன்று திரும்பி வட்டத்துக்குள் வந்தாலும் சமம். சமமென்றால் பெங்களூர்.

கிட்டத்தில் இருந்ததைத் தொட்டான். "மச்சான், அளங்க. டேப்பை நல்லா இழுத்துப் புடிங்க."

இழுத்துப் பிடித்தேன். சார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வட்டக் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னால் டேப் முடிந்தது.

"இன்னொருக்கா அளந்து பாருங்க மச்சான்."

அளந்தேன். அதே ஒரு விரல்.

அவன் டாங்கியைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

"எண்ணுங்கண்ணே," என்றார் பாய்.

வட்டத்துக்குள் எண்ணினேன். சார் பக்கம் மூன்று. மச்சினன் பக்கம் இரண்டு.